வளர்ச்சி ஆறரை, சம்பளம் எத்தனை? – பெங்களூர் வாசகர் கேள்வி-பதில்

சம்பளம், வேலை, விலைவாசி பற்றி பெங்களூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் ஒன்பதை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் போட்டே காட்டியிருக்கிறோம். உங்கள் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: பீன்யாவில் சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். 2020 மார்ச்சில் 18,000 ரூபாய் வாங்கினேன். 2025 மார்ச்சில் 22,000. நாடு வருஷத்துக்கு ஆறரை சதவீதம் வளர்கிறது என்கிறார்கள். நானும் வளர்ந்திருக்கிறேனா?
– பீன்யா வாசகர்

பதில்: வளரவில்லை. சுமார் மூன்று சதவீதம் குறைந்திருக்கிறீர்கள்.

மத்திய அரசின் லேபர் பீரோ, தொழிலாளர் குடும்பச் செலவை வைத்து மாதாமாதம் ஒரு விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. 2020 மார்ச்சில் அகில இந்திய எண் 326. 2025 மார்ச்சில் 143.0. பார்த்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கியது போலத் தோன்றும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். 2020 செப்டம்பர் மாத எண்ணிலிருந்து அடிப்படை ஆண்டை 2001லிருந்து 2016க்கு மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணை 2.88ஆல் வகுத்த பிறகுதான் புதியதோடு ஒப்பிட முடியும். 326ஐ 2.88ஆல் வகுத்தால் 113.2. 143.0ஐ அந்த 113.2ஆல் வகுத்தால் 1.263. அதாவது 2020ல் 100 ரூபாய்க்கு வந்த சாமானுக்கு 2025ல் 126 ரூபாய் 30 காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது 18,000த்தை 1.263ஆல் பெருக்குங்கள். 22,734 வருகிறது. இருந்த இடத்தில் நிற்பதற்கே அவ்வளவு வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது 22,000. அதை 1.263ஆல் வகுத்தால் 2020 விலையில் 17,419 ரூபாய். ஐந்து வருஷ அனுபவம் கூடிய பிறகு 581 ரூபாய் நட்டம்.

நாட்டின் ஆறரை சதவீதத்தோடு ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை வேண்டும். 2011-12 விலையை அடிப்படையாக வைத்த கணக்கில் 2024-25ன் வளர்ச்சி 6.5 சதவீதம். விலையேற்றத்தைக் கழித்த பிறகு வரும் எண் அது. உங்கள் சம்பளம் 4,000 கூடியது 22 சதவீதம் என்பது விலையேற்றத்தைக் கழிக்காத எண். இரண்டையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. கழித்ததோடு கழித்ததைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு பக்கம் வருஷத்துக்கு ஆறரை ஏற்றம், உங்கள் பக்கம் ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து மூன்று இறக்கம்.

கணக்கில் கவனிக்க வேண்டியவை: கைக்கு வரும் சம்பளத்தைக் கையோடும், பிடித்தத்துக்கு முந்தியதை முந்தியதோடும் ஒப்பிடுங்கள். நடுவில் பி.எஃப். பிடிக்க ஆரம்பித்திருந்தால் கையில் வருவது குறைந்திருக்கும், ஆனால் அது உங்கள் பணம்தான். பெங்களூருக்கென்று தனிக் குறியீட்டெண்ணும் உண்டு. அதை எடுத்தால் இரண்டு மாதத்துக்கும் அதையே எடுங்கள்.

சம்பள உயர்வு கேட்கப் போகும்போது விலைவாசியை மட்டும் சொன்னால் போதாது. மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ், ரிஜெக்ட் எத்தனை, எத்தனை மெஷின் பார்க்கிறீர்கள். முன்பு 80 பீஸ் வந்த இடத்தில் இப்போது 110 வந்தால் உற்பத்தித் திறன் 37 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. அதில் புது மெஷினின் பங்கு எவ்வளவு, உங்கள் கையின் பங்கு எவ்வளவு என்பதுதான் பேரம். செட்டிங்கும் புரோகிராமும் நீங்களே செய்கிறீர்கள் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பட்டன் அழுத்துபவருக்கும் செட்டருக்கும் சந்தையில் விலை வேறு.

கேள்வி: பொருளாதாரம் எட்டு சதவீதம் வளர்ந்தால் வேலையும் எட்டு சதவீதம் வளர வேண்டாமா?
– கல்லூரி மாணவி, ஜெயநகர்

பதில்: வளர்ந்தால், கூடுதல் உற்பத்தி முழுவதும் கூடுதல் ஆட்களால் வந்தது என்று பொருள். ஆளுக்கு ஆள் உற்பத்தி கூடவே இல்லை என்றாகும். அப்படியானால் சம்பளம் உயர வழியில்லை. வேலையே வளராமல் உற்பத்தி மட்டும் வளர்ந்தால் இருப்பவர் சம்பளம் உயர இடமுண்டு, ஆனால் புதிதாகப் படித்து வருகிறவர் தெருவில் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் அளவைப் பொருளியலில் வேலைவாய்ப்பு நெகிழ்ச்சி என்பார்கள். வேலை வளர்ந்த சதவீதத்தை உற்பத்தி வளர்ந்த சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பது அது. நெகிழ்ச்சி 0.2 என்றால் எட்டு சதவீத வளர்ச்சிக்கு வேலை 1.6 சதவீதம்தான் கூடும்.

வளர்ச்சி எந்தத் துறையில் வருகிறது என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். ஒரு கோடி ரூபாய் கூடுதல் உற்பத்தி தையல் ஆலையிலோ கட்டட வேலையிலோ வந்தால் நிறையக் கைகள் வேண்டும். அதே ஒரு கோடி சிப் வடிவமைப்பிலோ வங்கியிலோ வந்தால் சில பேர் போதும். பெங்களூரின் வளர்ச்சி பெரும்பாலும் இரண்டாவது வகை. நகரம் பளபளப்பதும், பக்கத்துத் தாலுகாவில் வேலை இல்லாததும் ஒரே சமயத்தில் நடப்பது இதனால்தான். நாடு முழுவதும் பார்த்தால் 2023-24ல் வேலை செய்பவர்களில் 46.1 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2017-18ல் இது 44.1. வளரும் நாட்டில் இது இறங்க வேண்டிய எண்.

இன்னொரு இடத்திலும் அடைப்பு இருக்கிறது. 2024-25ன் பொருளாதார ஆய்வறிக்கையே அதைக் குறித்திருக்கிறது: 2023-24ல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியபோது அவற்றில் வேலை கூடியது 1.5 சதவீதம் மட்டுமே. பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் இன்று பத்துத் தொழிலாளரில் நாலு பேர் கான்ட்ராக்ட். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. லாபக் கணக்கு இருப்பது ஆலையில். லாபம் கூடியது என்று சொல்லிக் கேட்க அவர்களுக்கு எதிரில் யாரும் இல்லை. எங்களைக் கேட்டால், இந்தியாவில் சம்பளம் தேங்கி நிற்பதற்குத் தொழில்நுட்பத்தை விட இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்போம்.

கேள்வி: வேலையில்லாதவர் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்று அரசு சொல்கிறது. எங்கள் தெருவிலேயே பி.காம். முடித்த மூன்று பையன்கள் வீட்டில் இருக்கிறார்கள். கணக்கு பொய்யா?
– ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு கேட்கும் கேள்வி வேறு, நீங்கள் கேட்கும் கேள்வி வேறு.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24ல் 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை 3.2 சதவீதம். இதில் வருஷத்தின் பெரும்பகுதி வேலை பார்த்தவரோடு, முப்பது நாளாவது துணை வேலை பார்த்தவரும் வேலையில் உள்ளவரே. சம்பளம் வாங்காமல் குடும்பக் கடையில் உதவி செய்பவரும் வேலையில் உள்ளவரே. வேலை தேடாமல் இருப்பவரோ தொழிலாளர் படையிலேயே வரமாட்டார்.

உங்கள் தெருப் பையன்களைப் பாருங்கள். ஒருவர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார், வேறு வேலை தேடவில்லை என்றால் கணக்குக்கு வெளியே. இரண்டாமவர் மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்காருகிறார் என்றால் வேலையில் இருக்கிறார். மூன்றாமவர் மட்டுமே, தினம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தால், வேலையில்லாதவர். உங்களுக்கு மூன்று பேர், கணக்குக்கு ஒருவர்.

ஆகவே அந்த 3.2ஐத் தனியாகப் பார்க்காமல் அதே அறிக்கையில் உள்ள வேறு எண்களோடு பாருங்கள். 15 முதல் 29 வயதுக்காரர்களில் வேலையின்மை 10.2 சதவீதம். நகரங்களில் எல்லா வயதும் சேர்த்து 5.1. வேலை செய்பவர்களில் சுயதொழில் என்று பதிவானவர்கள் 2017-18ல் 52.2 சதவீதம், 2023-24ல் 58.4. மாதச் சம்பளக்காரர்கள் 22.8லிருந்து 21.7க்கு இறங்கியிருக்கிறார்கள். அதாவது வேலை கூடியிருக்கிறது, ஆனால் பெரும்பாலும் சம்பளச் சீட்டு இல்லாத வேலை. மாதச் சம்பளக்காரர்களிலும், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், அதே ஆறு ஆண்டுகளில் ஆண்களின் சராசரிச் சம்பளம் சுமார் 6 சதவீதமும் பெண்களுடையது சுமார் 12 சதவீதமும் குறைந்ததாக 2024-25ன் பொருளாதார ஆய்வறிக்கை காட்டியது. தினக்கூலிக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

வேலையின்மை குறைவு என்பது நல்ல வேலை நிறைய என்பதைக் காட்டாது. கையில் சேமிப்பு இல்லாத வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் வேலை தேடிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார். கணக்கில் அவர் வேலையில் இருப்பவர்.

கேள்வி: பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் பதினோரு வருஷமாகத் தைக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் நிறைய வருகிறது. டார்கெட் ஏறிக்கொண்டே போகிறது. சம்பளம் மட்டும் மினிமம் வேஜைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ரெண்டு மாசம் முன்னால் சேர்ந்த பெண்ணுக்கும் எனக்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஏன்?
– பொம்மனஹள்ளி வாசகி

பதில்: குறைந்தபட்சக் கூலி என்பது இதற்குக் கீழே போகாதே என்று சட்டம் போட்ட கோடு. உங்கள் துறையில் அதுவே இதற்கு மேலே போகாதே என்ற கோடாகிவிட்டது. காரணம் ஆர்டர் குறைவு அல்ல. நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில், பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குள் திரும்பக்கூடிய வேலை என்று பார்த்தால் உங்களுக்கு நாலைந்து ஆலைதான். அவை எல்லாம் ஒரே சம்பளம் தருகின்றன. வாங்குபவர் சிலரே என்றால் விலையை அவர்கள் வைப்பார்கள். தக்காளிச் சந்தைக்குப் பொருந்துவது உழைப்புச் சந்தைக்கும் பொருந்தும். ஆர்டர் கூடும்போது ஆலை சம்பளத்தைக் கூட்டி ஆளை இழுப்பதற்குப் பதில் டார்கெட்டைக் கூட்டுகிறது, அல்லது குறைந்தபட்சக் கூலி இதைவிடக் குறைவாக உள்ள மாவட்டத்துக்கு ஒரு யூனிட்டை நகர்த்துகிறது.

பதினோரு வருஷத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போவதன் வழியைச் சொல்கிறோம். கர்நாடகத்தில் குறைந்தபட்சக் கூலி என்பது அடிப்படையும் மாறும் பஞ்சப்படியும் சேர்ந்தது. விலைக் குறியீட்டைப் பார்த்துப் பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் மாறும். அது எல்லாருக்கும் ஒரே தொகை. ஆலை அதைக் கொடுத்துவிட்டு 'இன்க்ரிமென்ட் கொடுத்துவிட்டோம்' என்கிறது. அது இன்க்ரிமென்ட் இல்லை, விலையேற்றத்தின் ஈடு. அனுபவத்துக்கான உயர்வு உங்களுக்கு இன்னும் வரவே இல்லை.

சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியவை: முதலில், உங்கள் கிரேடு. ஓவர்லாக்கும் காலரும் தைப்பவரை ஹெல்பர் என்று போட்டிருந்தால் மாதாமாதம் இழப்பு. இரண்டாவது, ஏப்ரல் சீட்டில் பஞ்சப்படி ஏறியதா, மே சம்பளத்தில்தான் ஏறியதா? ஒரு மாதம் தள்ளினால் அந்த மாத வித்தியாசம் பாக்கி. மூன்றாவது, அடிப்படையும் பஞ்சப்படியும் தனித்தனி வரியில் இருக்கிறதா, ஒரே தொகையாகப் போட்டிருக்கிறதா? ஒன்றாகப் போட்டால் எது ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாது. நாலாவது, ஓவர்டைம். கணக்குக்கு மாதம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500, எட்டால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. ஓவர்டைம் இரட்டிப்பு, ஆக மணிக்கு 125. டார்கெட் முடியவில்லை என்று நிற்க வைக்கும் அரை மணியும் ஓவர்டைம்தான். பஞ்ச் அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப லைனில் உட்கார வைப்பதுதான் இதை மறைக்கும் வழக்கமான முறை. அப்படி நடந்த தேதியையும் நேரத்தையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

உங்கள் துறைக்கும் பெங்களூர் மண்டலத்துக்கும் உரிய கூலி அட்டவணையைத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பன்னேர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவனில் கேட்டால் கிடைக்கும். குறைவாகக் கொடுத்திருந்தால் பாக்கியைக் கேட்க, பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆறு மாத அவகாசம்தான் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பில் அது மூன்று ஆண்டு. பாக்கியைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடமுண்டு. சம்பளம் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. தனியாகப் போகாதீர்கள். ஒரே லைனில் பத்துப் பேர் சீட்டுகளோடு போனால் அது ஒருவருடைய மனஸ்தாபம் என்று ஆகாது.

சேர்ந்து நின்றால் நடக்குமா என்று சந்தேகம் வரலாம். 2016 ஏப்ரலில் பி.எஃப். எடுக்கும் விதியை மத்திய அரசு இறுக்கியபோது இதே ஓசூர் சாலையில் தையல் தொழிலாளிகள் இரண்டு நாள் இறங்கி நின்றார்கள். 19ஆம் தேதி அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. 2020ல் கொரோனாவைக் காட்டி பஞ்சப்படி உயர்வை மாநில அரசு ஒத்திவைத்தபோது விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவுக்குத் தடை வந்தது.

'கூலியைக் கூட்டினால் ஆலையை மூடிவிடுவார்கள்' என்ற பயமுறுத்தலையும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1992ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு ஏறியபோது, பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு டேவிட் கார்டு, ஆலன் குருகர் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். துரித உணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். கார்டுக்கு 2021ல் நோபல் கிடைத்தது. எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் ஆகாது என்பதல்ல இதன் பொருள். உழைப்பை வாங்கும் ஆலைகளின் கை ஓங்கிய சந்தையில், அளவான உயர்வுக்கு வேலை போகாது.

கேள்வி: என் மகனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வருஷம் 3.6 லட்சத்தில் வேலை. 2010ல் என் தம்பிக்கு 3.25 லட்சம். பதினைந்து வருஷமாக ஐ.டி. துறை வளரவே இல்லையா?
– வாசகர், கோரமங்களா

பதில்: துறை பல மடங்கு வளர்ந்திருக்கிறது. வாசற்படிச் சம்பளம்தான் அங்கேயே நிற்கிறது.

முதல் பதிலில் போட்ட அதே கணக்கு. 2010 மார்ச்சில் குறியீட்டெண் 170. 2025 மார்ச்சின் 143.0ஐ 2.88ஆல் பெருக்கிப் பழைய அடிப்படைக்குக் கொண்டுபோனால் 411.8. ஏற்றம் 2.42 மடங்கு. தம்பியின் 3.25 லட்சம் 2025 மார்ச் விலையில் சுமார் 7.87 லட்சத்துக்குச் சமம். மகன் வாங்குவது அதில் பாதிக்கும் கீழே.

பொறியியல் படித்து வெளியே வருகிறவர் எண்ணிக்கை, எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கையைவிட ஒவ்வோர் ஆண்டும் அதிகம். பெரிய கம்பெனிகள் மொத்தமாக எடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அந்தத் தொகையே போதும் என்று வைத்திருக்கின்றன. ஆறேழு வருஷ அனுபவம் உள்ளவருக்கு நிலைமை நேர்மாறு. 2023-24 கணக்குப்படி இந்தியாவில் வெளிநாட்டு நிறுவனங்கள் சொந்தமாக நடத்தும் மையங்கள் 1,700க்கு மேல், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர், பெரிய பங்கு பெங்களூரில். அவை பெரும்பாலும் அனுபவக்காரரை எடுக்கின்றன. ஆகவே மகன் முதல் சம்பளத்தில் மனம் உடைய வேண்டாம். ஆனால் முதல் இரண்டு வருஷம் எந்தப் புராஜெக்டில் போடுகிறார்கள் என்பதில் பிடிவாதமாக இருக்க வேண்டும். புராஜெக்ட் இல்லாமல் பென்ச்சில் உட்கார்ந்த ஒரு வருஷம் அடுத்த வேலையின் பேரத்தில் அனுபவமாக எடுபடாது. ஆஃபர் கடிதத்தில் 3.6 லட்சத்துக்குள் வேரியபிள் பே (நிலையாக வராமல் மாறும் பகுதி) எவ்வளவு, கம்பெனியின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் மாதம் கையில் 30,000 வராது.

கேள்வி: எல்லாருக்கும் சம்பளத்தைக் கூட்டினால் விலைவாசிதானே ஏறும்?
– வாசகர், அல்சூர்

பதில்: ஒரு பொருளின் அடக்க விலையில் கூலி 20 சதவீதம் என்றால், கூலியைப் பத்து சதவீதம் கூட்டினால் விலை முழுதாக ஏறினாலும் இரண்டு சதவீதம்தான். மிச்சம் எட்டு சதவீதம் தொழிலாளிக்கு நிற்கும். உற்பத்தித் திறன் கூடிக்கொண்டிருக்கும் ஆலையில் அந்த இரண்டும்கூட வேண்டியதில்லை. கூலி உற்பத்தித் திறனைவிட வேகமாக, எல்லாத் துறையிலும் வருஷக்கணக்கில் ஓடினால்தான் உங்கள் பயம் நிஜமாகும். இந்தியாவில் இப்போது நடப்பது அதன் மறுபக்கம்.

கேள்வி: ராஜாஜிநகரில் பெயின்டிங் வேலை. பீகார், ஒடிசா பையன்கள் 700 ரூபாய்க்கு வருகிறார்கள். எங்களுக்கு 1,000. மேஸ்திரி அவர்களையே கூப்பிடுகிறார். வெளியாள் வருவதைத் தடுத்தால்தானே எங்களுக்குக் கூலி நிற்கும்?
– ராஜாஜிநகர் வாசகர்

பதில்: உங்கள் வலி உண்மை. ஒரே தெருவில், ஒரே வேலைக்கு, அதே பிரஷைப் பிடிக்கும் ஆள் கூடும்போது கூலி அழுந்தத்தான் செய்யும். ஆனால் நகரத்தில் வேலை இவ்வளவுதான் என்று அளந்து வைத்தது கிடையாது. வருகிறவர் வாடகைக்கு இருக்கிறார், சாப்பிடுகிறார், ஊருக்குப் பணம் அனுப்புகிறார். ஆள் கிடைப்பதால் எழும்பும் கட்டடங்களும் உண்டு, அவற்றுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். தண்டு என்ற பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு வந்த நாள் தொட்டு நம் ஆட்களும் இதே மாதிரிதான் இந்த ஊருக்கு வந்தார்கள்.

சட்டம் போட்டுத் தடுக்கும் வழியும் சுலபமில்லை. கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் தனியார் வேலையில் உள்ளூராருக்கு நிர்வாகப் பதவிகளில் 50, மற்றவற்றில் 70 சதவீதம் ஒதுக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, சில நாளிலேயே நிறுத்தி வைத்தது. அதில் உள்ளூர்க்காரர் என்றால் கர்நாடகத்தில் பிறந்து, 15 வருஷம் குடியிருந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். சேலத்திலோ தர்மபுரியிலோ பிறந்த நம்மவர் எத்தனை பேர் அதில் தேறுவார்கள் என்று யோசியுங்கள். ஹரியானாவின் 75 சதவீதச் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தள்ளிவிட்டது.

கூலியை இறக்குவது அந்தப் பையன் இல்லை. வீட்டுக்காரரிடம் சதுர அடிக்கு அதே ரேட் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு 300 குறைத்துக் கொடுப்பவரிடம்தான் அந்த 300 போகிறது. அவனுக்கும் உங்களுக்கும் ஒரே கூலி என்று ஆகிவிட்டால் மேஸ்திரி வேலை தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார். முடிந்தவரை நாள்கூலியை விட்டுச் சதுர அடிக் கணக்குக்கு மாறுங்கள். பட்டி, பிரைமர், இரண்டு கோட் எல்லாம் சேர்த்தா, மெட்டீரியல் யாருடையது, சாரம் யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். டெக்ஸ்சர், வாட்டர்புரூஃபிங், மர பாலிஷ் ஆகியவற்றில் ஆள் குறைவு, அங்கே கூலி இன்னும் நிற்கிறது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? 18 முதல் 60 வயது, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்த சான்று போதும். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் செஸ்ஸாக வசூலாகி அங்கே சேர்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அதிலிருந்து உதவி பெறலாம். புதுப்பிக்காமல் அட்டை காலாவதியாவதுதான் நிறையப் பேருக்கு நடக்கும் தவறு.

கேள்வி: பைக்கில் உணவு டெலிவரி. 11 மணி நேரம், 120 கிலோமீட்டர் ஓடினால் நாளுக்கு 1,000 ரூபாய் வருகிறது. பீன்யா தொழிற்சாலை வேலையைவிட இது மேல் என்று தோன்றுகிறது. சரியா?
– மடிவாளா வாசகர்

பதில்: 1,000 என்பது வரவு, சம்பளம் இல்லை. 11 மணி நேரம், 120 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். லிட்டருக்கு 45 ஓடும் பைக்கில் 2.67 லிட்டர். லிட்டர் 103 ரூபாய் என்றால் 275. பைக் தேய்மானம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், டயர், ஆயில், செயின் அரை ரூபாய் என்று வைத்தால் 180. மிச்சம் 545, மணிக்கு 49 ரூபாய் 50 காசு. இதில் பி.எஃப். இல்லை, விடுப்பு இல்லை, மழை நாளில் விழுந்தால் வருமானம் இல்லை. தேய்மானத்தை இன்று யாரும் கேட்க மாட்டார்கள், மூன்று வருஷம் கழித்துப் புது பைக் வாங்கும்போது மொத்தமாகத் தெரியும்.

ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்காகக் கர்நாடகம் 2025ல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டப்படி ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை கம்பெனி நல நிதிக்குக் கட்ட வேண்டும். ஆப்பில் உங்கள் கணக்கை (ஐ.டி.யை) நிறுத்துவதானால் 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும். அந்தச் சட்டப்படி அமையும் கிக் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கே.ஜி.எஃப்.பில் (கோலார் தங்கவயலில்) வீடு. தினம் ரயிலில் பெங்களூர் வந்து 17,000 வாங்குகிறேன். போக வர ஐந்து மணி நேரம். சீசன் டிக்கெட், பஸ், வெளிச்சாப்பாடு சேர்த்து மாதம் 2,500. ஊரிலேயே 12,000க்கு ஒரு வேலை வருகிறது. எதை எடுக்கலாம்?
– ராபர்ட்சன்பேட்டை வாசகர்

பதில்: மணிக்கணக்கில் பாருங்கள். பெங்களூர் வேலை ஒன்பது மணி, பயணம் ஐந்து, ஆக நாளுக்கு 14. மாதம் 26 நாளுக்கு 364 மணி. 17,000ல் 2,500 போக 14,500. மணிக்கு 39 ரூபாய் 80 காசு. ஊர் வேலைக்குப் போக வர ஒரு மணி என்று வைத்தால் நாளுக்கு பத்து, மாதம் 260 மணி, மணிக்கு 46 ரூபாய். மணிக்கணக்கில் ஊர் வேலை மேல். மாதத்தில் 104 மணி நேரம் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும்.

கையில் மட்டும் 2,500 குறையும். வீட்டில் கடன் தவணை ஓடுகிறது என்றால் அந்த 2,500 பெரிய தொகைதான்.

ஆனால் இரண்டு விஷயத்தை விசாரிக்காமல் முடிவு செய்யாதீர்கள். ஊர் வேலையில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? 12,000 சம்பளத்தில் முதலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,440. ஈ.எஸ்.ஐ.யில் அவர் பங்கு 3.25 சதவீதம், 390. இரண்டும் இல்லாவிட்டால் அந்த வேலை மாதம் 1,830 ரூபாய் மலிவு. பெங்களூரில் இவை இருந்து ஊரில் இல்லையென்றால் மேலே போட்ட கணக்கு புரண்டுவிடும். அடுத்தது ஏற்றம். பெங்களூரில் அதே வேலைக்கு இன்னும் பத்து இடம் உண்டு. முதலாளி கூட்டாவிட்டால் மாறலாம். ஊரில் அந்த ஒரு இடம்தான்.

இந்த 5,000 ரூபாய் இடைவெளி ஏன் என்பதற்கும் அதுதான் காரணம். தங்கச் சுரங்கம் இருந்தவரை ஊருக்கே ஒரே முதலாளி. 2001 பிப்ரவரி 28ல் அது மூடிய பிறகு அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு எதுவும் வரவில்லை, திறமையுள்ள கைகள் மட்டும் மிஞ்சின. அதனால்தான் விடியற்காலை மாரிக்குப்பம் ரயில் நிரம்பி வருகிறது. ஊர் முதலாளி உங்களிடம் 12,000 என்று சொல்லும்போது, அவர் எதிரில் நீங்கள் ஒருவர் இல்லை, அந்த ரயில் முழுவதும் நிற்கிறது. ஆனால் ரயிலேற அலுத்துப்போன அனுபவசாலி அவருக்கும் லேசில் கிடைக்கமாட்டார். 13,500 கேளுங்கள், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யோடு. கொடுத்தால் ஊரிலேயே இருங்கள்.